ஆம்புலன்ஸின் ‘டப்பா’வுக்கு ஏன் இவ்வளவு செலவு?



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது, ‘ஆம்புலன்ஸ் ஈ.சி.எம். மாற்றிய வகையில் 71,400 ரூபாய்’ என்ற வரி வந்ததும் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “இன்ஜினை இறக்கி வேலை பார்த்தீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “அப்போ, கையில அடங்குற ஒரு டப்பாவுக்கா இவ்வளவு பணம்?” என்றார். மஃரிபுக்கு நேரமாகிவிட்டதால் அன்று முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அது ஸதகா நிதியிலிருந்து எடுத்த பணம். (ஜகாத் கணக்கு தனி. அதிலிருந்து வாகனச் செலவுக்கு ஒரு பைசாவும் எடுப்பதில்லை.) மக்கள் நம்பித் தந்த அமானிதத்துக்கு விளக்கம் சொல்வது எங்கள் கடமை. அதோடு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஜமாஅத்தில் மீன் வண்டி, காய்கறி வண்டி, தண்ணீர் வண்டி, பள்ளி வேன் என்று ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. ‘வண்டியின் மூளை போய்விட்டது, கடன் வேண்டும்’ என்று நம் வட்டியில்லாக் கடன் குழுவுக்கு மனுக்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றை விசாரித்தபோது மூளை நன்றாகவே இருந்தது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

பழைய டீசல் வண்டிகளில் ஆக்சிலேட்டர் கம்பி நேராக டீசல் பம்புக்குப் போகும். மிதித்தால் பம்ப் கூடுதலாக டீசல் தள்ளும், விட்டால் குறைக்கும். செல்ஃப் எடுக்காவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். டீசலும் காற்றும் இருந்தால் வண்டி ஓடும். நம் ஊர் மூத்த டிரைவர்கள் இந்த வண்டிகளில்தான் தொழில் கற்றார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக அந்த ஏற்பாடு போதாமல் போனது. 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்று வந்துவிட்டன. இப்போதைய டீசல் வண்டியில் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் மிகக் கடுமையான அழுத்தத்தில் நிற்கிறது. லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 8 பார். இந்தக் குழாயில் வண்டி இழுக்கும்போது 1,600 பார் வரைக்கும், சில இன்ஜின்களில் அதற்கு மேலும் போகும். (இன்ஜின் ஓடும்போது இந்தக் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும்.)

அந்த டீசலை எந்த சிலிண்டருக்கு, எந்த நொடியில், எவ்வளவு நேரம் திறந்துவிடுவது என்று தீர்மானிப்பதுதான் ஈ.சி.எம். என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். கிராங்க் எங்கே நிற்கிறது, கேம் எங்கே நிற்கிறது, குழாயில் அழுத்தம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு வருகிறது, டிரைவர் கால் எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்று சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு இது உத்தரவு போடும். ஆக்சிலேட்டர் மிதிக்குக் கீழே இப்போது கம்பி இல்லை, ஒரு சென்சார்தான் இருக்கிறது. ஆக, டப்பா செத்தால் வண்டியை எத்தனை பேர் தள்ளினாலும் பயன் இல்லை.

எங்கள் வண்டிக்கு நடந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தவறு எங்கள் பொறுப்பில் நடந்தது. கம்பெனி மீதோ மெக்கானிக் மீதோ பழி இல்லை.

இரவு ஒன்றரை மணிக்கு ஒரு பிரசவ அழைப்பு வந்தது. ஆம்புலன்ஸ் பேட்டரி இறங்கியிருந்தது. பகலில் உள்விளக்கை அணைக்காமல் விட்டிருந்தார்கள். உடனே பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து லீடு போட்டு எடுக்கலாம் என்று இரண்டு இளைஞர்கள் உதவிக்கு வந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள். செல்போன் வெளிச்சத்தில், அவசரத்தில், பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டது. பொறி பறந்தது, ஃபியூஸ் போனது.

இத்தோடு நின்றிருந்தால் செலவு சிறியதாகவே முடிந்திருக்கும். ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஈ.சி.எம். போர்டுகளில் மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கும். மின்சாரம் தலைகீழாக வந்தால் அது தன் மேல் முழுவதையும் ஏற்றுக்கொண்டு ஃபியூஸை எரித்துவிடும், உள்ளே இருக்கும் நுண்ணிய சில்லுகளைக் காப்பாற்றும். அப்படிச் செய்யும்போது பல சமயம் தானே ‘ஷார்ட்’ ஆகிவிடும். அதன் பிறகு லீடைச் சரியாகப் போட்டாலும், புது ஃபியூஸ் போட்டாலும், ஃபியூஸ் எரிந்துகொண்டேதான் இருக்கும். ‘உள்ளே கோளாறு இருக்கிறது, மேற்கொண்டு தொடாதே’ என்று வண்டி சொல்லும் மொழி அது. இந்த நிலையில் டேபிளில் வைத்து அந்த ஒரு டயோடை மாற்றினாலே பல டப்பாக்கள் பிழைத்துக்கொள்கின்றன.

ஆனால் அன்றிரவு, லீடைச் சரியாக மாற்றிப் போட்ட பிறகும் ஃபியூஸ் இரண்டாம் முறை எரிந்ததும், ஒருவர் ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு துண்டு வயரைச் சொருகிவிட்டார். ஃபியூஸ் எரிய வேண்டிய மின்சாரம் இப்போது போர்டுக்குள்ளேயே பாய்ந்தது. டாஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை வந்தது. அந்தச் சகோதரியை வேறொருவரின் காரில் அனுப்பி வைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலம். அந்த 20 நிமிடத் தாமதத்தை நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்கு நெஞ்சு பதறுகிறது.

காலையில் டப்பாவைக் கழற்றிப் பார்த்தபோது போர்டின் ஒரு மூலை கருகியிருந்தது. பக்கத்து நகரத்தில் இதையே தொழிலாகப் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் நேர்மையாகப் பேசினார். “மேலே தெரியுற கோடு எரிஞ்சிருந்தா ஜம்பர் போட்டுக் கொடுத்திருவேன் பாய். இது அடுக்கடுக்கா செஞ்ச போர்டு. உள் அடுக்குல எரிஞ்சிருக்கு. இன்னைக்கு ஓடும், நாளைக்கு எங்க நிக்கும்னு சொல்ல முடியாது. ஆம்புலன்ஸுக்கு நான் இதைச் செய்ய மாட்டேன்” என்றார். பார்த்ததற்குக் கூலியும் வாங்கவில்லை.

புதிய டப்பாவே வாங்குவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. பாகத்தின் விலை வரியோடு 62,000 ரூபாய். வண்டியைக் கிரேன் வைத்துச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனது 4,000. மாட்டி, புரோகிராம் செய்த கூலி 5,400. பெரியவர் கேட்ட 71,400 ரூபாயின் கணக்கு இதுதான்.

மூளை நன்றாக இருந்த கதை

இப்போது அந்தக் கடன் மனுவுக்கு வருகிறோம். பெயர் வேண்டாம். பிக்கப் வண்டியில் அதிகாலை மீன் ஏற்றி வெளியூர் சந்தைக்குப் போகும் சகோதரர். ஒரு நாள் செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. வந்த மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகினார். ஸ்கேனருக்கு இன்ஜினிடமிருந்து பதிலே வரவில்லை. “ஈ.சி.எம். போச்சு” என்றார். உடைப்பு வண்டியிலிருந்து எடுத்த பழைய டப்பா ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டினார்கள். அதே நிலைமைதான். “இதுவும் போச்சு, புதுசு போடணும்” என்று பதில் வந்தது. மனைவியின் நகையை ஏற்கெனவே அடகு வைத்தாகிவிட்டது. எட்டு நாள் வண்டி நிற்கிறது, தவணை நெருங்குகிறது. அந்த நிலையில்தான் எங்களிடம் 60,000 ரூபாய் கேட்டு மனு கொடுத்தார்.

கடன் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் காக்கா ஒருவர் கேட்ட ஒரே கேள்வி: “தம்பி, ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி செத்திருக்குமா?”

அவர் போய்ப் பார்த்தார். சாவியைப் போட்டதும் டாஷ்போர்டில் மஞ்சள் நிற ‘செக்’ விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. டப்பாவுக்கு வரும் ஃபியூஸ்கள், மெயின் ரிலே, எர்த் எல்லாம் சரி. அடுத்ததாக அவர் 5 வோல்ட் பார்த்தார். இந்த இடத்தைத்தான் நம் சகோதரர்கள் கவனிக்க வேண்டும்.

வண்டியில் பேட்டரி 12 வோல்ட் என்றாலும், பல சென்சார்களுக்கு ஈ.சி.எம். தன் உள்ளிருந்து 5 வோல்ட் தயாரித்து அனுப்புகிறது. அந்த 5 வோல்ட்டில் பல சென்சார்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு தெருவுக்கே ஒரு மெயின் சுவிட்ச் போல. அதில் ஏதாவது ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும், வயர் ஒன்று தேய்ந்து பாடியில் பட்டாலும், அந்த 5 வோல்ட் முழுவதும் கீழே இறங்கிவிடும். அதில் இருக்கும் மற்ற எல்லாச் சென்சார்களும் ஊமையாகிவிடும். சில வண்டிகளில் ஈ.சி.எம். ஸ்கேனரோடு பேசுவதையே நிறுத்திவிடும். பார்ப்பவருக்கு மூளை செத்தது போலவே தெரியும்.

காக்கா சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். டர்போவிலிருந்து வரும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரைக் கழற்றியதும் செக் விளக்கு எரிந்தது. பழைய, சொந்த டப்பாவையே மீண்டும் மாட்டினார். செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்தது. அந்தச் சென்சாரின் விலை 60,000 இல்லை, அதில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. வாங்கிய பழைய டப்பா எதற்கும் உதவாமல் வீட்டில் கிடக்கிறது. விற்றவர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். மின்பாகம் ரிட்டர்ன் இல்லை என்பது அந்தக் கடைகளின் வழக்கம். அந்த 18,000 ரூபாய்க்கும் நகையை மீட்கவும் அவருக்குக் கடன் கொடுத்தோம், மாதாமாதம் தவறாமல் கட்டி வருகிறார்.

அந்த மெக்கானிக்கை நாங்கள் மோசடிக்காரர் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒரு வீட்டின் நகை பிழைத்திருக்கும். நம் பிள்ளைகள் பலர் பட்டறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

டப்பாவைக் குற்றம் சொல்வதற்கு முன்

நல்ல எலக்ட்ரீஷியன் ஈ.சி.எம்.மைக் கடைசியில்தான் சந்தேகப்படுவார். முதலில் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் ரொம்ப இறங்கினால் டப்பா அணைந்து அணைந்து எழும். பிறகு ஃபியூஸ், ரிலே, எர்த். எர்த் என்பது பாடியில் ஒரு போல்ட்டில் மாட்டிய வயர்தான். துருப் பிடித்தால் அதுவே போதும், பாதி வண்டியைக் குழப்பிவிடும். கடற்கரையோர ஊர்களில் இது அதிகம்.

மீட்டரில் 12 வோல்ட் காட்டுவதை மட்டும் நம்பக்கூடாது. பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் மீட்டரில் 12 காட்டும், சுமை ஏறினால் படுத்துவிடும். அதனால் அனுபவசாலிகள் டப்பாவின் கப்ளரைக் கழற்றி, அதற்கு வரும் பேட்டரி வயருக்கும் எர்த் வயருக்கும் இடையே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எரியவிட்டுப் பார்ப்பார்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் நலம், மங்கினால் கோளாறு வழியில் இருக்கிறது. (மெயின் ரிலே வழியாக வரும் வயரில் டப்பாவைக் கழற்றியிருக்கும்போது மின்சாரம் வராது. ரிலேயை இழுப்பதே டப்பாதான். தெரியாதவர் அங்கே ஏமாந்து வயரை அறுக்கத் தொடங்கிவிடுவார்.) பல டப்பாக்களில் நூறுக்கும் மேற்பட்ட ஊசிகள் உள்ளன. தடித்த கம்பியைக் குத்திச் சோதித்தால் கப்ளரின் ஓட்டை விரிந்து புதுக் கோளாறு பிறக்கும்.

ஸ்கேனரில் வரும் எண்களிலும் வித்தியாசம் உண்டு. பி0601, பி0605, பி0606 போன்றவை டப்பாவின் நினைவகமோ செயலியோ பழுது என்று அதுவே ஒப்புக்கொள்வது. பேட்டரி வோல்ட் இறங்கினாலும் இவை சில சமயம் வரும் என்பதால், அழித்துவிட்டு மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பி0641 என்றால் சென்சாருக்குப் போகும் அந்த 5 வோல்ட்டில் கோளாறு. யு0100 என்றால் ‘ஈ.சி.எம். பேசவில்லை’ என்று வண்டியின் மற்றக் கணினிகள் சொல்லும் புகார். பேசாததற்குக் காரணம் சாவா தூக்கமா என்பது அந்த எண்ணில் இல்லை.

‘ஈ.சி.எம். போச்சு’ என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். பவரும் எர்த்தும் சுமை போட்டுப் பார்த்தீர்களா? 5 வோல்ட் எவ்வளவு வருகிறது? என்ன எண் வந்தது, எழுதித் தர முடியுமா? சரியான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

உண்மையிலேயே போய்விட்டால்

வழிகள் மூன்று. புதியது, பழையது, பழுதுபார்ப்பது.

பழுதுபார்ப்பது மட்டமான வழி அல்ல. டயோடு, மின்தேக்கி, இன்ஜெக்டரை இயக்கும் சில்லு, தண்ணீர் பட்டுப் பச்சை பிடித்த ஊசிகள் ஆகியவை போனால் கைதேர்ந்தவர் மாற்றிக் கொடுத்துவிடுவார். இதில் பெரிய வசதி, டப்பா உங்களுடையது என்பதால் சாவி முதல் எல்லா விவரமும் அதற்குள்ளேயே இருக்கிறது. திறந்து பார்த்த படத்தையும், மாற்றிய பாகத்தையும், சில மாத உத்தரவாதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பழையது வாங்குவதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு டப்பாக்களின் பாக எண் வேறாக இருக்கும். லேபிளில் உள்ள எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் மாட்டியதும் வண்டி ஓடாது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றியுள்ள சுருள் அதைப் படித்து, டப்பாவிடம் உள்ள இரகசிய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அடுத்தவர் வண்டி டப்பாவுக்கு அடுத்தவர் சாவிதான் தெரியும். ஆகவே பழைய டப்பாவை வாங்கினால், உங்கள் டப்பாவின் நினைவகத்தில் உள்ளதை அப்படியே அதில் நகல் எடுத்து எழுதத் தெரிந்தவரும் வேண்டும். உங்கள் டப்பாவில் நினைவகம் பிழைத்திருந்தால்தான் அது நடக்கும். அதனால் போன டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், எக்ஸ்சேஞ்ச் என்று உடனே கொடுத்தும் விடாதீர்கள். ‘சாவிப் பூட்டையே நீக்கித் தருகிறேன்’ என்பாரும் உண்டு. அப்படிச் செய்தால் எந்தச் சாவியை வெட்டிப் போட்டாலும் வண்டி கிளம்பும், திருடனுக்கும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டிகளிலிருந்து ஈ.சி.எம்.மை மட்டும் கழற்றித் திருடுவது நம் நாட்டில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. பில் இல்லாமல், எந்த வண்டியில் எடுத்தது என்று சொல்லாமல், பாதி விலைக்கு வருவதை வாங்கினால் இன்னொரு டிரைவரின் பிழைப்பை வாங்குகிறோம் என்று பொருள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது ஹராம், சட்டப்படியும் குற்றம். உடைப்புக் கடையானாலும் பில்லும், கழற்றிய வண்டியின் விவரமும் கேளுங்கள்.

புதியது என்றால் நிம்மதிதான், ஆனால் அதுவும் வெறும் சிலேட்டு போலத்தான் வரும். வண்டியின் சேஸ் எண்ணை வைத்துக் கம்பெனிக் கணினியிலிருந்து அந்த மாடலுக்குரிய புரோகிராமை ஏற்ற வேண்டும். அரை மணியோ ஒரு மணியோ ஆகும். நடுவில் பேட்டரி இறங்கினால் புதிய டப்பாவே வீணாகலாம் என்பதால் சார்ஜர் போட்டுத்தான் செய்வார்கள், செய்ய வேண்டும். அடுத்து சாவி. அடுத்து இன்ஜெக்டர் எண்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். அது கூடுதலாக ஊற்றுமா குறைவாக ஊற்றுமா என்பதைத் தொழிற்சாலையிலேயே அளந்து பொறித்தது. எந்த சிலிண்டரில் எந்த எண் என்று டப்பாவில் ஏற்றாவிட்டால் வண்டி ஓடும், ஆனால் ஐடிலில் நடுங்கும், புகை தள்ளும், மைலேஜ் குறையும். பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டியில் புகைக் குழாயின் வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்ற கணக்கையும் ஏற்ற வேண்டியிருக்கும்.

எங்கள் அனுபவத்தில் ஒரு சின்ன விஷயம். சாவி சேர்க்கும்போது இரண்டு சாவியும் அங்கே இருக்க வேண்டும். இரண்டாவது சாவி அலுவலக பீரோவில் இருந்தது எங்களுக்கு நினைவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு வந்தோம். மறுவாரம் மற்றதற்காக மறுபடி போய் நின்றோம். வீட்டில் இருக்கும் சகோதரிகள், வண்டியின் இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே ஒரு முறை பார்த்து வைத்துவிடுங்கள். நகைப் பெட்டிக்கு அடியில் கிடக்கலாம்.

எதனால் போகிறது?

டப்பா தானாகச் சாவது குறைவு. பெரும்பாலும் நாம்தான் கொல்கிறோம். பிக்கப்பில் கம்பி, கேபின், லோடு பாடி வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல் வைப்பது முதல் காரணம். மைனஸ் முனையைக் கழற்றுங்கள், முடிந்தால் ஈ.சி.எம். கப்ளரையும். வெல்டிங் எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். எங்கோ தூரத்தில் போட்டால் மின்சாரம் வண்டி வயர்களின் வழியே வழி தேடும்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றி ‘டைனமோ வேலை செய்கிறதா’ என்று பார்ப்பது பழைய பழக்கம். கழற்றும் நொடியில் வோல்ட் எகிறும். லாரியிலிருந்து பிக்கப்புக்கு லீடு போடுவதும் ஆபத்து. லாரியில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட், உங்கள் வண்டி 12. வாட்டர் சர்வீஸில் கடும் அழுத்தத் தண்ணீரை இன்ஜின் மேல் அடிப்பது இன்னொன்று. எலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மீன் வண்டிக்காரர்களுக்கு அது தெரிந்த விருந்தாளி.

வெள்ளம் தனிக் கதை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீரில் நின்ற வண்டியில் முதலில் செய்யக் கூடாதது, சாவியைப் போட்டுப் பார்ப்பது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளே வளையும், டப்பாவில் ஈரம் இருந்தால் எரியும். மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, தூக்கிக்கொண்டு போகும் வண்டியில் ஏற்றுங்கள். கப்ளர்களைத் திறந்து காயவைத்த பிறகே மின்சாரம். அன்று ஓடிய வண்டிகூட சில மாதம் கழித்து ஊசிகளில் பச்சை பிடித்து நிற்கும். வழக்கமான காப்பீட்டு பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும், ஆனால் மின்கோளாறு, இயந்திரக் கோளாறு அடங்காது. தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைத் தள்ளிவிடுவார்கள். எங்கள் ஆம்புலன்ஸுக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை, கேட்க நியாயமும் இல்லை.

பட்டறையில் வேலை தவறாகிப் பணம் போனால், ‘இது வியாபார வண்டி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது’ என்று சிலர் சொல்வார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டுமே ஓட்டுபவர் நுகர்வோர்தான். 1915 என்ற எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். மாவட்ட ஆணையத்தில் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. பில் மட்டும் கையில் இருக்க வேண்டும். பில் வேண்டாம் என்றால் வரி குறையும் என்று சொல்வதைக் கேட்டு அதை விட்டவர்கள்தான் பிறகு எங்களிடம் வந்து நிற்கிறார்கள்.

கடன் குழு இனி ஈ.சி.எம்.முக்காகக் கேட்கும் மனுக்களோடு, ஸ்கேனரில் வந்த எண்களை எழுதிய தாளையும் இரண்டாவது மெக்கானிக் ஒருவரின் கருத்தையும் கேட்கும். யாரையும் அலைக்கழிக்க அல்ல. எலக்ட்ரீஷியன் காக்கா ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பார். வண்டி நின்றுவிட்டால் பாகம் வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.

ஆம்புலன்ஸின் ஃபியூஸ் பெட்டி மூடியில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு ஃபியூஸின் ஆம்பியரும், ‘எரிந்த ஃபியூஸுக்குப் பதில் வயர் சொருகாதீர்’ என்ற வரியும் அதில் உள்ளன. பக்கத்தில் ஒரு டார்ச், சிவப்புப் பெயின்ட் அடித்த லீடு. வண்டியின் பில்கள், எரிந்த பழைய டப்பா ஆகியவை அலுவலகத்தில் இருக்கின்றன. கேள்வி கேட்ட பெரியவர் உட்பட யார் வேண்டுமானாலும் எந்த நாளும் வந்து பார்க்கலாம்.